கையகலச் சரக்குப் பெட்டி

மாதிரி ரயில் பெட்டியைக் கடையில் வாங்கி அப்படியே ஓட்டுவதைவிட, அதை நம்ம ஊர்ப் பெட்டியாக மாற்றுவதில்தான் ருசி. 1:87 அளவுப் பெட்டிகள் பெரும்பாலும் 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கானவை. மலாயா ரயிலோ மீட்டர் பாதை. 1,000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. ஆகவே 12 மி.மீ. பாதைக்கான சக்கரங்களை மாட்டுவேன். மேலே அகலம், கீழே ஒடுக்கம். பெட்டி உடனே நம்முடையதாகிவிடும்.

பிறகு துரு. மலாக்கா மாநிலத்து ஜாசினில் பெய்யும் மழையில் எந்தப் பெட்டியும் பளபளவென்று நிற்காது. செம்பழுப்புச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, ஆணித் தலையிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பு. காயுமுன் பஞ்சால் ஒற்றினால் மழை வழிந்த தடம் மட்டும் மிஞ்சும். கதவோரம் சாக்பீஸ் தூளை விரலால் தேய்த்தால், ரப்பர் கட்டுகளை ஏற்றி இறக்கிய புழுதி வந்துவிடும். இதைவிட எனக்குப் பிடித்த வேலை கிடையாது.

கடைசியாகப் பெயர். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905-இல் வந்த கிளைப்பாதையை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பெயர்த்து, சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் தமிழ் ஆட்களையும் கொண்டுபோனார்கள். பாதை திரும்பவில்லை, ஆட்களில் பலரும் திரும்பவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘மலாக்கா’ என்று எழுதும்போது என் கை மெதுவாகிவிடும்.

கிளைப்பாதை போனாலும், ஜாசின் மாவட்டத்தில் முதன்மைப் பாதையின் பத்தாங் மலாக்கா நிலையம் இருக்கிறது. பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் அங்கே ஒரு காலைப்பொழுது நின்று, போகிற சரக்கு ரயிலின் சக்கரங்களைப் பாருங்கள்.