“முதலில் நீர் விட்டுவிடும்”: ஒரு வாதத்தின் மதிப்பீடு

திருமானூர் போன்ற கொள்ளிடக்கரை ஊர்களில் போதகர் ஒருவர் புகையிலை மெல்லுதலின் தீமையைக் குறித்துப் பேசத் தொடங்கினால், “ஐயா காப்பி குடிப்பதில்லையா?” என்னும் மறுமொழி எளிதில் எழும். மதுவைக் கண்டிக்கிறவர் தாம்பூலம் தரிப்பவராயின், அதுவும் சுட்டிக்காட்டப்படும். பேசியவர் வாயடைத்துப்போகிறார், பேச்சும் அத்தோடு முடிகிறது. இம்மறுமொழி வாதமாக நிற்குமா என்று நாம் ஆராய்வது தகும்.

இதில் இரு வினாக்கள் கலந்துள்ளன. பேசுகிறவர் உண்மையுள்ளவரா என்பது ஒன்று. பேசப்பட்ட பொருள் தீங்குள்ளதா என்பது மற்றொன்று. முன்னதன் விடை பின்னதைத் தீர்ப்பதில்லை. புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பதென உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. பாக்கு தனித்தும் அத்தகையதே என 2004இல் வெளியிட்டது. அம்முகமையே காப்பியை 1991இல் ஐயத்திற்குரியவற்றுள் சேர்த்து, 2016இல் சான்று போதாதென விலக்கியது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலைமையன்று.

1874இல் இலண்டன் நகரில், சுருட்டை விட்டொழித்த அனுபவத்தை அமெரிக்கப் போதகர் பென்டிகாஸ்ட் என்பவர் சபையார்முன் கூறினார். உடனே ஸ்பர்ஜன் எழுந்து, அன்றிரவும் தாம் தேவ மகிமைக்கென்று சுருட்டுப் பிடிக்கப்போவதாகச் சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை. எனவே மாயக்காரர் அல்லர். ஆயினும் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் டால், ஹில் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஒருவருடைய நேர்மை புகையிலையைத் தீங்கற்றதாக்காது. ஒருவருடைய போலித்தனம் அதைக் குறித்த எச்சரிக்கையைப் பொய்யாக்காது.

திருமானூரை அடுத்த ஏலாக்குறிச்சியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர், ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கச்செய்த பரமார்த்த குருவை நமக்குத் தந்தார். குரு நகைப்புக்குரியவரே. அதனால் வெள்ளக்காலத்துக் கொள்ளிடம் ஆளை இழுக்காது என்று எவரேனும் இறங்குவாரோ?

திருமறையும் இவ்விரு வினாக்களைப் பிரித்தே காண்கிறது. மாயக்காரன் என நாம் வாசிக்குமிடத்துக் கிரேக்கச் சொல் ‘ஹுப்போக்ரிட்டேஸ்’. அதன் பழம்பொருள் மேடை நடிகன். நடிப்பவனே மாயக்காரன், பெலவீனத்தோடு போராடுகிறவன் அல்லன். உத்திரத்தை எடுத்துப்போடச் சொன்ன ஆண்டவர், துரும்பைக் கண்ணிலேயே விட்டுவிடச் சொல்லவில்லை (மத். 7:5). வேதபாரகரின் செய்கையை விலக்கி, அவர்கள் போதனையைக் கைக்கொள்ளவும் சொன்னார் (மத். 23:3).

இக்குற்றச்சாட்டுக்கு உரிய இடமும் உண்டு. 2003 முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனையை நடத்துவது அரசின் வாணிபக் கழகம். அது விற்கும் புட்டியிலேயே மது கேடு என்னும் எச்சரிக்கையும் உள்ளது. இம்முரண்பாட்டைக் கண்டிப்பது நியாயமே. ஆனால் அது விற்பனையைக் கண்டிக்கிறதேயன்றி, எச்சரிக்கையை மறுப்பதன்று.

ஆகவே ஊழியர் செய்யத்தக்கது யாது? தம்மிடம் அப்பழக்கம் இருப்பின், பிறர் சுட்டுமுன் தாமே அதை அறிக்கையிட்டு, அதன்பின் எச்சரிப்பாராக. மௌனம் அவருடைய மதிப்பைக் காக்கலாம். புகையிலையை அடக்கிய கன்னத்தில் ஆறாத புண்ணோடு வரும் சபையாரைக் காவாது.