காடு சைட்டான கதை யாருடைய கதை?

1

'காடெல்லாம் சைட்டாப் போச்சு.' திருச்செங்கோட்டைச் சுற்றி எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். கொங்கில் காடு என்றால் வனமல்ல. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், வானம் பார்த்தால் காடு. கடலைக்காயும் சோளமும் விளைந்த அந்த மேட்டு நிலங்களில் கல் நட்டு, 'நகர்' என்று முடிகிற பெயர்ப்பலகை வைத்தாயிற்று. நானும் அப்படியொரு நகரில்தான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஆகவே இந்த வாக்கியத்தை வெளியில் நின்று ஆராய்கிற வசதி எனக்கில்லை. ஆனால் ஊரே சேர்ந்து வைக்கும் ஒப்பாரியாக இது சொல்லப்படும்போது சிலவற்றைக் கேட்டாக வேண்டும். 'போச்சு' என்கிறார்களே, யாரிடமிருந்து போச்சு? வந்த பணம் எங்கே போச்சு? காடு காடாக இருந்தபோது அதற்குள் யார் எப்படி நின்றார்கள்?

நமது இலக்கிய விமர்சனம் இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் கேட்பதில்லை. நிலமிழப்பு, வேரறுதல், விழுமியச் சரிவு என்று மூன்று சொற்கள் கைவசம் உண்டு. சிறுநகரம் பற்றிய எந்த நாவலுக்கும் இந்த மூன்றையும் வைத்து மதிப்புரை எழுதிவிடலாம். ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான 'நாட்டுப்புறமும் நகரமும்' நூலில் ஆங்கில இலக்கியத்தை வைத்து இந்த மனநிலையைப் பிரித்துக் காட்டினார். பழைய நல்ல கிராமம் இப்போதுதான் அழிந்தது என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்கிறது. அந்தத் தலைமுறை சுட்டும் காலத்துக்குப் போய்ப் பார்த்தால், அங்கிருப்பவர்களும் அதற்கு முந்திய காலத்தையே காட்டி அழுகிறார்கள். ஏக்கத்துக்கு முகவரி கிடையாது. ஆனால் ஏங்குகிறவருக்கு உண்டு. நம்மூரில் அந்த முகவரி பெரும்பாலும் பட்டாவில் இருக்கிறது.

2

ஊர் எப்போது நகரமாகிறது? அரசு இதற்கு ஒரு இலக்கணம் வைத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவிக்கப்படாத ஓர் ஊரும் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றினால் 'நகரம்'. மக்கள்தொகை குறைந்தது 5000. சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். ஆண் முதன்மை உழைப்பாளர்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். ஆண்கள். ஆண்கள் காட்டைவிட்டு ஏறினால் அது நகரம். பெண்கள் அதே காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் நகரம்தான். புருஷன் லாரிக்குப் போக, மகன் விசைத்தறிக்குப் போக, மீந்த விவசாயத்தை இழுத்துப் பிடித்தவள் கணக்கிலேயே இல்லை. தமிழ்நாட்டில் 48.4 விழுக்காடு மக்கள் நகரவாசிகள் என்று அந்தக் கணக்கெடுப்பு சொன்னதை நாம் பெருமையாகவோ கவலையாகவோ மேற்கோள் காட்டியிருக்கிறோம். அந்த எண்ணுக்குள் இருக்கிற ஆண்பாலை எத்தனை பேர் கவனித்தோம்?

இது வெறும் வகைப்பாடுதானே என்று தள்ளிவிட முடியாது. பெயர் மாறினால் சோறு மாறுகிறது. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளை 2004இல் 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆக்கினார்கள், 2006இல் மறுபடி பேரூராட்சி ஆக்கினார்கள். மண் அப்படியேதான் கிடந்தது. மாறியது, எந்தத் துறையின் நிதி வரும் என்பது. 2005இன் நூறு நாள் வேலைச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும் வந்தது. எனவே 2025 ஜனவரியில் கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வெளியானபோது பல ஊர்களில் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அதில் பெண்கள் நிறைய. 'எங்களுக்கு டவுன் வேண்டாம்' என்று அவர்கள் சொன்னது கிராமத்தின் மீதான காதலால் அல்ல. வேலை போகும், வரி ஏறும் என்ற துல்லியமான கணக்கால். கிராமத்தைக் காப்பாற்ற எழுந்த குரல் என்று அதைக் கொண்டாடினால், அந்தப் பெண்கள் பேசிய பொருளாதாரத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

3

இனி நாவல்களுக்கு வருவோம். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. மண்வாசனை நாவல்களின் மூலவராகக் கும்பிடப்படுவது. அந்த மண்ணில் வாசனையைவிடப் பாகப்பிரிவினைதான் அதிகம். விதவையான நாகம்மாள் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. நகரம் வந்து கெடுப்பதற்கு வெகு காலம் முன்பே நிலம் தாயாக இல்லை, பங்காக இருந்தது. அந்தப் பங்கைப் பெண் கேட்டதுதான் விபரீதம்.

நாகம்மாள் கேட்டதன் ஒரு பகுதி 1989இல் சட்டமாயிற்று. தமிழகம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு தந்தது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதை விரித்தது. காடு சைட்டாகி விலை ஏறிய அதே காலம் இது. நடப்பதென்ன? விற்பதற்கு முன் அக்கா தங்கச்சிகளை வரவழைத்து, சீலை எடுத்துக் கொடுத்து, ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம்! சொத்திலிருந்து பெண்ணை விடுதலை செய்கிற பத்திரம். தமிழ்ச் சொல்லாடலில் இவ்வளவு குரூரமான நகைச்சுவை வேறெங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' 1991இல் வந்தது. காலனி கட்ட நிலம் எடுக்கப்படுகிறது, குடும்பம் பெயர்கிறது, கைக்கு வந்த பணம் உறவுகளை அரிக்கிறது. வளரும் பையன் ஒருவனின் பார்வையில் சொல்லப்படும் இந்தப் பிரதியை நிலமிழந்த விவசாயியின் துயரக் காவியமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அந்தத் துயரம் பொய்யல்ல. சிறு விவசாயி நிலத்தை விட்டபின் ஒன்றுமில்லாமல் போவதை என் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் அதே ஆசிரியரின் 'நிழல்முற்றம்', 'கூளமாதாரி' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏறுவெயில் வேறு விதமாகத் திறக்கிறது. 'கூளமாதாரி'யின் கூளையன் பண்ணையத்தில் ஆடு மேய்க்கக் கட்டிவைக்கப்பட்ட அருந்ததியச் சிறுவன். காட்டின் ஒவ்வொரு செடியும் அவனுக்குத் தெரியும். ஒரு சாண் அவனுடையதில்லை. அந்தக் காடு சைட்டாகும்போது அவன் இழப்பது என்ன? 'நிழல்முற்றம்' தியேட்டரில் சோடா விற்கும் பையன்களைப் பேசுகிறது. அவர்களுக்கு நினைத்து அழ ஒரு காடு கிடையாது. சிறுநகரம் ஒருவனுக்கு வீழ்ச்சி, இன்னொருவனுக்கு ஓடிவந்து ஒதுங்கிய இடம். அந்த இடமும் அவனைச் சுரண்டுகிறது என்பது வேறு விஷயம். மூன்றையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துகிற வாசிப்பே நமக்கு வேண்டியது.

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் வயதான அம்மாவிடம் இதைப் பேசிப் பார்த்தேன். 'காடு இருந்தப்பவும் வரப்புல நின்னுதானுங்க சோறு வாங்குனோம். இப்ப வாசல்ல நிக்கறோம். ஆனா மாசமானாப் பணமா வருதுங்க, அதையுஞ் சொல்லோணும்' என்றார். நமது விழுமியச் சரிவுக் கோட்பாட்டாளர்கள் இந்த 'அதையுஞ் சொல்லோணும்' என்பதைத்தான் சொல்வதில்லை.

இன்னொன்று. தலித்துகள் இழந்த நிலத்துக்கு இந்த ஒப்பாரியில் இடமே கிடையாது. அவர்களுக்கென வழங்கிக் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். 'காடு போச்சு' என்று அழும் இலக்கியம் இந்தப் 'போச்சு'வுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது?

4

மறுபக்கமும் ஒரு சௌகரியமான நம்பிக்கை இருக்கிறது. கிராமம்தான் சாதியின் கோட்டை, நகரம் வந்தால் கரையும் என்பது. கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948இல் சொன்னதும், கிராமமே ஒழிய வேண்டும் என்று பெரியார் பேசியதும் இன்றும் செல்லும். டீக்கடையில் காசு கொடுத்து உட்கார்ந்து குடிப்பதும், எவன் பக்கத்தில் உட்காருகிறான் என்று கேட்க முடியாத பஸ்ஸும் சாதாரண விஷயங்களல்ல. ஆனால் சிறுநகரம் அவர்கள் எதிர்பார்த்த நகரமாக இருக்கிறதா?

திருச்செங்கோட்டின் வளர்ச்சியைப் பாருங்கள். தண்ணீரில்லாத காட்டுக்காரர்கள் பங்கு சேர்ந்து போர் போடும் ரிக் வண்டி வாங்கினார்கள். வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போயின. தாகமே மூலதனமாயிற்று. கூட்டுச் சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் பங்காளி, மாமன், மச்சான். திருப்பூர்ப் பின்னலாடை முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு, விவசாயக் குடியிலிருந்து வந்தவர்கள் 'உழைப்பு' என்ற ஒரு சொல்லால் தம் ஏற்றத்தை விளக்கிக்கொள்வதைக் காட்டுகிறது. உழைப்பு உண்மைதான். கூடவே சாதி வழி வந்த கடனும் நம்பிக்கையும் கூட்டும் மூலதனம் என்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது. ரிக்கில் சேறு குளித்து நிற்கும் கூலிக்காரன், இன்று வட மாநிலங்களிலிருந்து வருகிறவன், அவனும் உழைக்கிறான். அவன் ஏன் வண்டிக்குப் பங்காளி ஆவதில்லை? ஆரணியைப் பல பத்தாண்டுகளாக ஆய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட்டும், சிறுநகரப் பொருளாதாரத்தில் சாதிச் சங்கம் ஒழுங்குபடுத்தும் கருவியாக இருப்பதைக் காட்டுகிறார். கிராமத்தில் மிச்சமிருந்த சாதி நகரத்துக்குத் தொற்றிக்கொண்டு வரவில்லை. நகரம் தன் தேவைக்கு அதைப் புதிதாகச் செய்துகொள்கிறது.

இதே ஊரில்தான் 2014 டிசம்பரில் 'மாதொருபாகன்' எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் கடையடைப்பு. நாவலாசிரியர் தான் செத்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இடையில் 2015 ஜூனில், பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் இதே மலைக்கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இவற்றில் பழைய கிராமம் எங்கே இருக்கிறது? கார் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, கோயிலின் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. கொல்லப்பட்டவரும் அவருடன் வந்த பெண்ணும் சந்தித்தது கல்லூரியில். சந்திக்க வாய்ப்புத் தந்ததும் சிறுநகரம், அதற்குத் தண்டனை தரக் காவல் நின்றதும் சிறுநகரம். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரியாத கோட்பாடு எனக்கு உதவாது.

தினசரி வடிவம் இன்னும் சாது. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், 'நீங்க எந்த ஊருங்க?' என்பார்கள். ஊரைச் சொன்னால், 'அங்க எந்தப் பக்கமுங்க?' என்பார்கள். பக்கம் என்றால் தெரு, தெரு என்றால் சாதி. இவ்வளவு மரியாதையாக, இத்தனை 'ங்க' போட்டு, ஒரு மனிதனை வாசலிலேயே நிறுத்திவிடலாம். வரப்பில் நிறுத்தியவனுக்கு இந்த நாகரிகம் தேவைப்படவில்லை.

5

ஆகவே எழுதுகிற நண்பர்களுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் சொல்ல விரும்புவது இதுதான். காட்டைக் காப்பாற்றுங்கள் என்று நாம் கோஷம் போடும்போது யாருடைய பட்டாவைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மனைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு எழுதலாம்: உழுதவன் யார், கூலிக்கு நின்றவள் யார், விடுதலைப் பத்திரத்தில் கைவைத்தவள் யார், விற்ற காசில் வண்டி வாங்கியவன் யார், அந்த மனையில் வீடு கேட்டுத் திரும்பிப் போனவன் யார். பத்திர நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பத்திரத்தில் பெயர் வராதவர்களின் கதை தெருவில்தான் கிடைக்கும், அதுவும் கேட்டால்தான் கிடைக்கும்.

சிறுநகர நாவல் என்று இனி ஒன்று வருமானால் அது இந்தக் கடைசி ஆட்களிடமிருந்து தொடங்கட்டும். பட்டாக்காரரின் ஏக்கத்துக்கு ஏற்கெனவே நிறையப் பக்கங்கள் கொடுத்தாயிற்று.