ஷெல்லின் மன்னிப்பு வாசகம்

2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. மார்ச் 4-இல் ஷெல் நிறுவனம் 1,00,000 டன் ரஷ்யக் கச்சா எண்ணெயை, பிரெண்ட் சந்தை விலையினும் பீப்பாய்க்கு 28.50 டாலர் குறைவாக வாங்கிற்று. மார்ச் 8-இல், எண்ணெய் தடையின்றிக் கிடைப்பதையே கருதிச் செய்ததாயினும் அம்முடிவு சரியன்று என அறிவித்து மன்னிப்புக் கோரிற்று. இறையியல் மாணவர் ஆராயத்தக்க வாசகம் இது.

ஆலைகள் நின்றால் ஏழையின் அடுப்பும் அணையும் என்பதை நாம் மறுக்கவில்லை. சட்டமும் அவ்வணிகத்தை அன்று தடுக்கவில்லை; தடுத்திருப்பின் நமக்கு இங்கு எழுத ஒன்றுமில்லை. ஆனால், உலகெங்கும் எண்ணெய் விலை ஏறிய அவ்வாரத்தில் ரஷ்ய எண்ணெய் மட்டும் மலிந்ததேன்? பலர் அதைத் தொட மறுத்தனர். அவர்களுடைய மறுப்பே ஷெல்லுக்குத் தள்ளுபடியாயிற்று. மன்னிப்பு வாக்கியமோ தட்டுப்பாட்டைப் பேசுகிறது, தள்ளுபடியைப் பேசவில்லை.

இலாபத்தைத் துயர்துடைப்பு நிதிக்கு அளிப்பதாகவும் அந்நிறுவனம் உறுதி கூறிற்று. பிரதான ஆசாரியர் முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியிற் சேர்க்காது குயவனின் நிலத்தை வாங்கினர் (மத்தேயு 27). அது இரத்தக்கிரயம் என்று சொல்லும் அளவிற்கேனும் அவர்களுக்குத் தெளிவிருந்தது. முழுத்தொகையும் அவர்கள் கையில் இருந்தது. ஷெல்லின் கையில் எஞ்சியது இலாபம் மட்டுமே. எண்ணெய்க்குக் கொடுத்த விலை இடைவணிகர் வழியே முன்னமே போய்விட்டது. ரஷ்ய அரசுக்குரிய வரியும் அதனுள் அடக்கம்.