பழைய மடிக்கணினி: ஒரு மதிப்பீடு

எங்கள் கீழச்சிவல்பட்டியில், அடுத்த வீட்டில், சென்ற கோடை விடுமுறையின்போது ஒரு சிறு வழக்கு எழுந்தது. மூத்த பெண் பள்ளியில் படித்த காலத்தில் அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி பரணில் கிடந்தது. இளையவன் கல்லூரியில் சேரவிருந்தான். 'இது ஓடாது, புதிது வேண்டும்' என்றான் அவன். 'இருப்பதை வைத்துப் படி. புதிது வாங்கக் கடன்தான் வாங்க வேண்டும்' என்றார் தகப்பனார். வழக்கு என்னிடம் வந்தது. அந்தக் கணினியை ஒரு வாரம் வைத்துச் சோதித்தேன்.

இந்த வழக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல இலட்சம் பொறிகள் வீடுகளுக்குச் சென்றன. அவற்றுள் எத்தனையோ இன்று பரணில் உறங்குகின்றன. அவற்றை எப்படி எடைபோடுவது?

என்னிடம் வந்தது 14 அங்குலத் திரை உடைய நடுத்தர அளவுப் பொறி. இரண்டு கருக்கள் கொண்ட, 2.5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி. 4 ஜிகாபைட் நினைவகம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 500 ஜிகாபைட் வன்தட்டு. விசையை அழுத்தியபின் வேலைக்குத் தயாராக ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. 'செயலி கிழடாகிவிட்டது' என்பது இளைஞனின் முடிவு. இம்முடிவு சரிதானா?

நோய் எங்கே?

வன்தட்டு என்பது சுழலும் ஒரு வட்டு. அதன்மேல் ஒரு நுண்ணிய முனை இங்குமங்கும் நகர்ந்து செய்திகளைப் படிக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் முனைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு செய்தியைத் தேடி எடுக்க 18 மில்லி வினாடி போலாகும். நமக்கு இது கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. ஆனால் செயலிக்கு? அந்த நேரத்துக்குள் அது 4.5 கோடி முறை துடித்துவிடுகிறது. அத்தனை துடிப்பும் பெரும்பாலும் வீண்காத்திருப்பே! ஆகவே, நோய் செயலியில் இல்லை, வட்டில் இருக்கிறது.

சுழலும் பகுதியே இல்லாத திண்மநிலைச் சேமிப்பகம் இதே தேடலை 0.1 மில்லி வினாடி அளவில் முடிக்கும். கடைகளில் 'எஸ்.எஸ்.டி.' என்று கேட்டால் கிடைக்கும். வன்தட்டை எடுத்துவிட்டு அதனிடத்தில் இதைப் பொருத்தினோம். மூன்று நிமிடத் தொடக்கம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. செயலி அதே பழைய செயலிதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்த குறை நினைவகம். 4 ஜிகாபைட்டில் ஒரு பகுதியைப் படங்களைத் திரையில் காட்டும் வேலைக்கே இப்பொறி ஒதுக்கிவிடுகிறது. இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் எஞ்சிய இடமும் நிரம்பிவிடும். அப்போது நினைவகத்தில் இடமில்லாதவற்றை வட்டில் எழுதி, மீண்டும் படிக்க நேர்கிறது. மெதுவான வட்டும் குறைந்த நினைவகமும் இவ்வாறு ஒன்றன் குறையை மற்றொன்று பெருக்குகின்றன. நினைவகத்தை 8 ஜிகாபைட்டாக்கியதும் இத்தொல்லை தீர்ந்தது. சில பொறிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூடுதலாகச் சேர்க்க இயலாமற்போகலாம். எனவே அடிமூடியைத் திறந்து பார்த்த பின்னரே பணம் செலவிடுக.

வெப்பமும் மின்கலமும்

செட்டிநாட்டு வீட்டில் வளவின் திறந்த முற்றத்தை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? வீடு முழுதும் புழுங்கும். மடிக்கணினியின் காற்றுத் துளைகளில் தூசு அடைந்தாலும், அதை மெத்தைமேல் வைத்து இயக்கினாலும் அதுவே நேர்கிறது. சூடு மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசைத் துடைக்கச் செலவே இல்லை.

மின்கலத்தின் நிலை வேறு. இலித்தியம் அயனி மின்கலத்துக்குள் நிகழும் வேதிவினைகளால், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அதன் கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்தகைய மின்கலங்களை ஆராயும் நிறுவனம் என்பதை நம் பகுதி மாணவர்கள் அறிந்திருப்பர். பரணில் கிடந்த இப்பொறியின் மின்கலம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது ஆபத்து, தீப்பற்றவும் கூடும். இதில் சிக்கனம் கூடாது.

தீராத குறைகள்

திரையில் 1366க்கு 768 என்ற அளவில் சுமார் 10.5 இலட்சம் புள்ளிகள். இப்போது பரவலாக உள்ள 1920க்கு 1080 திரையில் ஏறத்தாழ இதன் இருமடங்கு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மங்குகிறது. மூவர் சேர்ந்து படிக்க உதவாது. ஆயினும் விசைப்பலகை தாராளமானது. தமிழ் 99 முறையில் நெடுநேரம் தட்டச்சு செய்தும் விரல் சலிக்கவில்லை.

மற்றொரு குறை மென்பொருளில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 விதிக்கும் தகுதிகளை இப்பொறியின் செயலி நிறைவு செய்யவில்லை. ஆனால் இவ்வகைப் பொறிகளோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் தரப்பட்டதை நினைவுகூர்க. லினக்ஸின் புதிய பதிப்பொன்றை ஏற்றினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும்.

தீர்ப்பு

கட்டுரை எழுத, பாடக் காணொளி காண, நிரல் எழுதிப் பழக இப்பொறி போதும். முப்பரிமாண வரைபடம், திரைப்படத் தொகுப்பு ஆகியவற்றுக்கு இது உதவாது. அவற்றைப் படிக்கச் செல்பவனிடம் பழையதைத் திணிப்பது சிக்கனம் ஆகாது. நம் இளைஞன் சேர்ந்தது வணிகவியலில். எனவே தீர்ப்பு தகப்பனாருக்குச் சாதகம். ஆனால் சேமிப்பகம், நினைவகம், மின்கலம் மூன்றையும் மாற்றித்தர வேண்டும் என்பது மகனுக்குச் சாதகம்.

இறுதியாக, வாங்குவோர்க்கு ஒரு சொல். 500 ஜிகாபைட் என்ற பெரிய எண் அன்று நம்மை மயக்கியது. மாணவருக்குத் தேவைப்பட்டது பேரிடம் அன்று, விரைவான சிற்றிடம். திண்மநிலைச் சேமிப்பகம் அப்போது விலை மிகுந்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2025-இல் கல்லூரி மாணவர்களுக்கென அரசு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது 8 ஜிகாபைட் நினைவகத்தையும் 256 ஜிகாபைட் திண்மநிலைச் சேமிப்பகத்தையும் கேட்டது. சேமிப்பகத்தின் எண் பாதியாகக் குறைந்தது. பொறியின் பயனோ பெருகியது. ஒரு கணினியின் வேகத்தை முடிவு செய்வது அதன் மிக மெதுவான உறுப்பே. அதை முதலில் கண்டறியுங்கள். பழையதை எறிவதா, வைத்துக்கொள்வதா என்பது தானே விளங்கும்.