அலுவலகத் தொலைபேசி: பூட்டும் பொறுப்பும்

அரசு அலுவலகத்தின் மேசைமேல் உள்ள பொருள்களுள் தொலைபேசி தனித்தன்மை வாய்ந்தது. தாளும் மையும் எடுக்க எடுக்கக் குறையும். குறைந்தது கண்ணுக்குத் தெரியும். தொலைபேசியோ எவ்வளவு பேசினும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். அதனாலேதான், அலுவலகத்துப் பென்சிலை வீட்டிற்கு எடுத்துச் செல்லக் கூசும் நேர்மையாளரும், அலுவலகத் தொலைபேசியில் அரைமணி நேரம் குடும்பக் கதை பேசுவதைக் குற்றமாகக் கருதுவதில்லை.

இப்பழக்கத்தின் வேரைக் காணாமல் கிளையை மட்டும் வெட்டுதல் பயன் தராது. மலாயாவின் தொலைத்தொடர்பு இலாகா 1946இல் அமைந்தது. 1987 சனவரி முதல் நாளன்று அதன் பணிகள் நிறுவனமாக மாற்றப்பட்டன. அவ்விடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் வீட்டுத் தொலைபேசி எளியோர்க்கு எட்டாத பொருளாகவே இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த எழுத்தருக்கும் கிள்ளானிலிருந்து நாள்தோறும் தலைநகருக்கு வந்து சென்ற ஊழியருக்கும் கைக்கெட்டிய தொலைபேசி அலுவலகத்தில் இருந்த ஒன்றே. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பற்றி இரண்டு நிமிடம் கேட்டறிவது தேவை. நண்பருடன் பொழுது போக்குவது துர்ப்பயன். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது.

நிருவாகம் கையாண்ட முறைகளோ இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தியதில்லை. முதலில் வந்தது பூட்டு. எண்வட்டின் துளையில் பூட்டை மாட்டிச் சாவியை அதிகாரியின் இழுப்பறையில் வைத்தனர். ஆனால் எண்ணைச் சுழற்றாமல், பேசுகுழல் அமரும் பொத்தானை முறையாகத் தட்டியே அழைப்பு விடுக்கலாம் என்பதை ஊழியர் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பூட்டு தடுப்பதுமில்லை. அடுத்து வந்தது பதிவேடு. பேசியவரே எழுதும் பதிவேட்டில் 'அலுவல் காரணம்' என்னும் இரு சொற்கள் எல்லாப் பிழைகளையும் மறைத்துவிடும். பின்னர் வந்த இரகசிய எண்ணும் விவரப் பட்டியலும் இவற்றினும் சிறந்தவையே. எனினும் இவை அனைத்திற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இவை வெள்ளியையும் காசையும் கணக்கிட்டன. அடைபட்ட இணைப்பைக் கணக்கிடவில்லை.

உண்மையான இழப்பு அங்கேதான் உள்ளது. கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் வாழும் தொழிலாளி, சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, தம் குடியுரிமை விண்ணப்பம் எந்நிலையில் உள்ளதென அறியப் பொதுத் தொலைபேசியின்முன் நிற்பதாகக் கொள்வோம். மறுமுனையில் இணைப்பு ஓயாமல் அடைபட்டிருக்கிறது. காசு திரும்பி விழுகிறது. மறுநாள் அவர் வேலைக்குச் செல்லாமல் பேருந்தேறிக் கோலாலம்பூருக்கு வருகிறார். 'அடுத்த வாரம் வா' என்னும் விடையைப் பெற்றுத் திரும்புகிறார். அவர் இழந்த ஒரு நாட்கூலி எந்தத் தொலைபேசிக் கட்டணச் சீட்டிலும் இடம்பெறாது. எந்தத் தணிக்கையாளரும் அதைக் காணமாட்டார்.

1982இல் 'தூய்மை, திறமை, நம்பகம்' என்னும் இயக்கத்தை மலேசிய அரசு தொடங்கியது. ஊழியர் பெயர் அட்டை அணிந்தனர். வரும் நேரமும் போகும் நேரமும் பொறியில் பதிவாயின. வருகையைப் பதிந்த பொறி, வந்தவர் நாள் முழுதும் யாருடன் பேசினார் என்பதைப் பதியவில்லை. 1983இல் முழங்கிய 'எடுத்துக்காட்டின்வழித் தலைமைத்துவம்' என்னும் கொள்கையே நோயின் நாடியைச் சரியாகப் பிடித்தது எனலாம். 1993ஆம் ஆண்டின் பொது ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகளும் சொந்த நலனுக்காகக் கடமையைப் பின்தள்ளலாகாது என்கின்றன. விதி எழுத்தருக்கும் தலைமை அதிகாரிக்கும் ஒன்றே. நடைமுறையில் பூட்டு எழுத்தரின் மேசையில் தொங்க, அதிகாரியின் அறையில் தொலைபேசி கட்டவிழ்ந்து கிடந்தால் அவ்விதி வெறும் ஏடாகிவிடும்.

மேல்தட்டின் கணக்கு எத்துணைப் பெரிதாகக் கூடும் என்பதற்குத் தமிழகத்து வழக்கொன்று சான்று. இந்தியத் தகவல் தொடர்பு அமைச்சராக 2004 முதல் 2007 வரை இருந்த தயாநிதி மாறன் மீது, சென்னை இல்லத்தில் 700க்கும் மேற்பட்ட அரசுத் தொலைபேசி இணைப்புகளைப் பெற்றுக் குடும்பத் தொலைக்காட்சி நிறுவனத்திற்குப் பயன்படுத்தினார் என்றும், அதனால் ஏறத்தாழ 1.78 கோடி ரூபாய் இழப்பு நேர்ந்தது என்றும் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றஞ்சாட்டியது. அவர் அதை மறுத்தார். 2018 மார்ச்சில் தனி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வாண்டு சூலையில் உயர் நீதிமன்றம் அவ்விடுவிப்பை நீக்கியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. குற்றச்சாட்டு வேறு, நிறுவப்பட்ட குற்றம் வேறு. ஆயினும் எழுத்தரின் இரண்டு நிமிடத்தைத் தேடிப் பிடிக்கும் கண்காணிப்பு, மேலே நோக்கும்போது ஏன் இத்தனை ஆண்டு பின்தங்குகிறது என்னும் வினா மறுக்கவியலாதது.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி உள்ளது. ஊழியர் அலுவலகத் தொலைபேசியில் சொந்தக் கதை பேசவேண்டிய தேவை அற்றுவிட்டது. ஆனால் கைப்பேசியில் மூழ்கியவரின் அருகே அலுவலகத் தொலைபேசி எடுப்பாரின்றி ஒலிப்பதைக் காணலாம். அன்று அடைபட்ட இணைப்பு. இன்று எடுக்கப்படாத இணைப்பு. காத்திருக்கும் குடிமகனுக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே தடுப்புமுறையின் அளவுகோல் மாறவேண்டும். இன்றியமையாச் சிற்றழைப்பை வெளிப்படையாக அனுமதித்து, நெடுந்தொலைவுச் சொந்த அழைப்புக்குக் கட்டணம் பெறலாம். மாதப் பட்டியலைத் தலைமை அதிகாரியின் இணைப்பிலிருந்தே சரிபார்க்கத் தொடங்கலாம். அனைத்தினும் மேலாக, எத்தனை அழைப்புகள் விடை பெற்றன என்பதை எண்ணவேண்டும். செலவு குறைந்தது என்று ஓர் அலுவலகம் பெருமை கொள்ளுமுன், அழைத்த தோட்டத் தொழிலாளிக்கு விடை கிடைத்ததா என்று கேட்டறிதல் அதன் கடன்.