கார்டுல பார்த்துக்கலாமா?

தமிழ்நாட்டில் எந்தப் பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், நோயாளிக்கு என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது: "கேஷா, கார்டா, இன்ஷூரன்ஸா?" கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இன்ஷூரன்ஸ் என்றால் நாமே பிரீமியம் கட்டும் பாலிசி. கேஷ் என்றால் நகையை அடகு வைப்பது. இந்த மூன்றும் இல்லாதவர்களும், சில நேரம் மூன்றும் இருந்தும் நம்பிக்கை இல்லாதவர்களும் ஜி.ஹெச்.சுக்குப் போகிறார்கள்.

மருத்துவத்தை அரசு நடத்த வேண்டுமா, காப்பீட்டு நிறுவனங்கள் நடத்த வேண்டுமா என்ற வாதத்தில் பிரிட்டன் ஒரு முனை, அமெரிக்கா மறுமுனை. பிரிட்டனில் 1948 முதல் வரிப்பணத்தில் அரசே மருத்துவம் பார்க்கிறது. அமெரிக்காவில் முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் 1965-இல் வந்த அரசுத் திட்டங்களைத் தவிர்த்தால், பெரும்பாலோருக்குத் தனியார் காப்பீடுதான் கதி. தமிழ்நாட்டில் நாம் செய்துவைத்திருப்பது இரண்டையும் கலந்த ஒன்று. இந்தக் கலவையை நாம் சரியாக எடைபோட்டதில்லை என்பது என் எண்ணம்.

ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது. அதைப் பார்த்து 2009-இல் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதை மாற்றி அமைத்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 497 ரூபாய் பிரீமியம், ஏறத்தாழ 1.34 கோடிக் குடும்பங்கள், 1,016 சிகிச்சைகள் என்று அது விரிந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் இதோடு இணைந்தபோது வரம்பு 5 லட்சமாயிற்று. ஆட்சி மாறியும் திட்டம் நின்றுபோகவில்லை என்பது தமிழ்நாட்டில் சாதாரண விஷயமில்லை.

பணம் போகும் வழி விசித்திரமானது. அரசு வரிப்பணத்தை எடுத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியமாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டுகிறது. 2012 முதல் அந்த நிறுவனம் யுனைடெட் இந்தியா. சென்னையில் தலைமையகம் கொண்ட அதுவும் மத்திய அரசுக்குச் சொந்தமானதே. அந்த நிறுவனம் மருத்துவமனைகளுக்கு கிளைம் தொகை தருகிறது. வாங்குவோரில் அரசு மருத்துவமனைகளும் உண்டு. கோட்டையில் புறப்பட்ட பணம் ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வருகிறது. நேராகவே கொடுத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் இந்தச் சுற்றில் சில நன்மைகள் விளைந்தன. பட்ஜெட்டில் வரும் பணத்தைச் செலவழிக்க ஒரு டீன் கோப்பு எழுதி மேலிடத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கிளைமாக வரும் பணம் மருத்துவமனையின் கையிலேயே இருக்கிறது. பழுதான கருவியை உடனே சரிசெய்யலாம், ஊழியருக்கு ஊக்கத்தொகை தரலாம். இன்னொன்று, ஸ்டென்ட் வைக்க வேண்டுமென்றால் ஆஞ்சியோ படத்தையும் ரிப்போர்ட்டையும் ஏற்றி முன் அனுமதி வாங்கியாக வேண்டும். "அப்ரூவல் வந்துருச்சா?" என்று வார்டில் கவலையோடு கேட்பது எரிச்சல்தான். இருந்தாலும் 'இது ஏன் தேவை?' என்று ஒரு மருத்துவரை இன்னொரு மருத்துவர் கேட்கும் வழக்கத்தை நம் அரசு அமைப்பு தானாக உண்டாக்கியதில்லை. கல்லீரல் மாற்று, காது கேளாத குழந்தைக்கு காக்ளியர் கருவி போன்றவை கூலித் தொழிலாளி வீட்டுக்கும் எட்டியதில் கார்டின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காப்பீடு என்பது படுக்கையில் சேர்ந்த பிறகு விழித்துக்கொள்ளும் ஏற்பாடு. நம் ஊரை அரிப்பதோ சர்க்கரையும் ரத்த அழுத்தமும். இவற்றுக்கு வேண்டியது மாதாமாதம் மாத்திரை, அவ்வப்போது ஒரு பரிசோதனை, விடாமல் விசாரிக்கும் ஒரு செவிலியர். இதில் எதற்கும் கார்டு பணம் தராது. மாத்திரையை விட்டுவிட்டு, சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்தால் தரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான் வீடு தேடி மாத்திரை கொண்டுபோனது. அதை ஒரு காப்பீட்டு நிறுவனம் யோசித்திருக்க வாய்ப்பே இல்லை. ஓராண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இருபது ஆண்டு கழித்து மிச்சமாகும் சிறுநீரகம் லாபக் கணக்கில் வராது.

எதற்குப் பணம் தருகிறோமோ அதுதான் பெருகும். ஏழைகளுக்கான மத்திய அரசுக் காப்பீடு நடந்த காலத்தில் பீகார், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் தேவையே இல்லாமல் பெண்களின் கருப்பை அகற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆயுஷ்மான் பாரத் பற்றித் தணிக்கைத் துறை கொடுத்த அறிக்கையின்படி, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில், அதுவும் வரிசையாகப் பத்து ஒன்பதுகள் கொண்ட எண்ணில் பதிவாகியிருந்தனர். இறந்ததாகப் பதிவான நோயாளிகள் பெயரில் மறுபடி சிகிச்சைக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆயுஷ்மான் பாரத்தில் பெரும்பாலான மாநிலங்கள் நிறுவனத்தை விட்டுவிட்டு அரசு அமைப்பு மூலமே பணம் கொடுத்தவை. ஆகவே நிறுவனத்தை நீக்கினால் ஊழல் நீங்கும் என்று சொல்ல நான் தயாரில்லை.

கார்டு வாங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் நோய் வந்த பிறகுதான் ஓடுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம், அதாவது மாதம் 10,000. கணவன் 8,000, மனைவி 4,000 சம்பாதித்தால் விதிப்படி அந்தக் குடும்பம் வெளியே. நடைமுறையில் சான்று கிடைத்துவிடும் என்பது வேறு கதை. ஆனால் ஒரு நல்ல திட்டம் பொய்ச் சான்றை நம்பி ஓடுவது நல்லதல்ல.

வரம்புக்கு மேலே இருக்கும் நடுத்தரக் குடும்பத்தைத் தனியார் பாலிசிதான் தாங்க வேண்டும். 5 லட்ச பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 5,000 என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் வாடகையில் மட்டும் பாதி வெட்டுவார்கள் என்று நினைப்போம். மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதி வெட்டு விழும். டிஸ்சார்ஜ் நாளன்று மாலைதான் இது தெரியவரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருக்கவில்லை. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்றது. 2024-இல் டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றது. ஆனாலும் 2022-23-இல் மருத்துவக் காப்பீடு மட்டுமே நடத்தும் தனியார் நிறுவனங்கள் 100 ரூபாய் பிரீமியத்துக்குக் கிளைமாகத் தந்தது 60 ரூபாயைச் சற்றே தாண்டும். அமெரிக்காவிலேயே 2010 சட்டத்துக்குப் பிறகு 80 முதல் 85 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிட்டாக வேண்டும். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை.

அரசு நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு என் சாட்சி ஆஸ்பத்திரி வார்டு அல்ல, மருந்துக் கிடங்கு. 1995 முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மருந்து வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையில் வரும் மாத்திரை வெளிக்கடை விலையில் சிறு பங்குக்கே அரசுக்குக் கிடைக்கிறது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் போய் இதே போல் அமைத்துக்கொண்டன. நிறுவனம் கிளைமைக் குறைக்கப் பார்க்குமே ஒழிய மாத்திரையின் விலையைக் குறைக்காது.

அதே அரசின் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்பதும், ஒரு ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் தேதி தருவதும் நமக்குத் தெரியும். பிரிட்டனிலும், இங்கிலாந்துப் பகுதியில் மட்டுமே, 2023-இல் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தொட்டது. அரசு மருத்துவத்தின் நோய் வரிசை. காப்பீட்டின் நோய் வடிகட்டல். வரிசையைக் கட்டடமும் ஆளும் சேர்த்துக் குறைக்கலாம். வடிகட்டலோ அந்தத் தொழிலின் அடிப்படையிலேயே இருக்கிறது.

எனவே நடத்துவது அரசாக இருக்கட்டும் என்பது என் முடிவு. காப்பீட்டுக்கு ஒரு சிறிய, கண்காணிக்கப்பட்ட இடம் போதும். கேரளம் 2020-இல் நிறுவனத்தை விலக்கித் தன் சொந்த முகமையிடம் திட்டத்தைக் கொடுத்தது. இங்கும் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை, கார்டு இல்லாதவருக்கும் அரசே பணம் கொடுத்து நடத்துகிறது. அரசுக்குத் திறன் உண்டு என்பது இதிலேயே தெரிகிறது. முன் அனுமதி வழங்கும் மருத்துவர் குழு மட்டும் அரசுக்கு வெளியே, தனியதிகாரத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுப்பவரும் வாங்குபவரும் கேள்வி கேட்பவரும் ஒரே ஆள் ஆகிவிடுவார். அடுத்த ஒப்பந்தத்துக்கு முன், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை எத்தனை, எத்தனை அனுமதி மறுக்கப்பட்டது, ஏன் என்ற பட்டியலை மாவட்ட வாரியாக வெளியிட்டால் போதும். கருப்பை அறுவை எங்கே திடீரென்று கூடியிருக்கிறது என்பதை ஒரு கல்லூரி மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.