பனித்துளி தட்டும் கழி

ஸ்காட்லாந்தின் கோல்ஃப் மைதானங்களில் குளிர்காலக் காலையில் நடக்கும் ஒரு வேலையைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. பராமரிப்பாளர் நுனி வளையும் நீண்ட கழியைப் புல்லின்மேல் இடவலமாக வீசிக்கொண்டே நடக்கிறார். துளிகள் சிதற, வெளிறிக் கிடந்த தரை பட்டை பட்டையாகக் கரும்பச்சையாகிறது. புல் மடங்காமல் துளியை மட்டும் உதிர்க்கும் அந்த மணிக்கட்டு வாகு தனி அழகு.

துளியை உதிர்ப்பது புல்லை நோயிலிருந்து காக்கத்தான். மைக்ரோடோக்கியம் நிவாலே என்ற பூஞ்சை வளரக் குளிரும் ஈரமும் போதும். இலை நனைந்தே கிடந்தால் செம்பழுப்புத் திட்டுகள் பரவும். அந்த வடு வசந்தம்வரை ஆறாது. தழைச்சத்தைக் குறைப்பது, இரும்பு சல்பேட் தெளிப்பது, காற்றை மறிக்கும் கிளைகளை வெட்டுவது என்று வேறு காப்புகளும் உண்டு. ஆனால் இப்ரோடையோன் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து 2018இல் பிரிட்டனில் விலக்கப்பட்டபின் கழியின் மதிப்பு கூடியிருக்கிறது. ஈரம் போன புல்லில் வெட்டும் எந்திரமும் சீராக ஓடுகிறது.